பீஸ்போஸில் மாலைக் கனோ: நீச்சல் தெரியாதவள் ஏறலாமா?

மாஸ்கரைவாசி கேட்டது:

வணக்கம். ராட்டர்டாமில் இருக்கிறோம். ஜூன் கடைசி வாரம் கணவரின் அலுவலகத்தில் பீஸ்போஸ் போகிறார்கள், ஓடையும் நாணலுமான தேசியப் பூங்கா. வழிகாட்டியோடு கனோ, இரவு 8 மணிக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவதாம். குடும்பமும் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மகளுக்கு 10 வயது. இங்கே எல்லாப் பிள்ளைகளையும் போல நீச்சல் டிப்ளோமா ஏ, பி இரண்டும் வாங்கிவிட்டாள். சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நீந்திக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். எனக்குத்தான் முழங்கால் அளவுத் தண்ணீரே பயம். "அம்மா, நீ கரையில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்" என்கிறாள். அதுதான் உறைத்தது.

போனவர்கள் சொல்லுங்கள். நான் ஏறலாமா? இருட்டில் வழி தவறிப் போகாதா? பீவர் என்கிற, தண்ணீரில் வாழும் பெரிய கொறி விலங்கைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே என்கிறார்கள். அது உண்மையில் கண்ணில் படுமா?

பிரெடாக்காரி எழுதியது:

ஏறலாம். ஆனால் ஏறும் முன் ஒரு விஷயத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே இரண்டு வகை ஜாக்கெட் உண்டு. ஒன்று ஸ்வெம்ஃபெஸ்ட், இன்னொன்று ரெடிங்ஸ்ஃபெஸ்ட். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முதலாவது 50 நியூட்டன் மிதப்பு, நீந்தத் தெரிந்தவருக்குத் துணைக்கு. கழுத்துப் பட்டையோடு வரும் இரண்டாவது 100 நியூட்டனிலிருந்து தொடங்கும். விழுந்தால் முகம் மேலே வரும்படி ஆளைத் திருப்பிப் போடுவதற்காகவே செய்தது. கனோ வாடகை இடங்களில் கேட்காமல் கொடுப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான். பதிவு செய்யும்போதே "எனக்கு நீச்சல் தெரியாது, ரெடிங்ஸ்ஃபெஸ்ட் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள். நீச்சல் தெரியாதவர்களை ஏற்றுவதே இல்லை என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன, அதையும் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் தாமிரபரணியில் நீந்திப் பழகியவள், நானே இருட்டுத் தண்ணீரில் அதைத்தான் போடுகிறேன். இங்கே ஜூனிலும் தண்ணீர் குளிரும், ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும்.

மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் ஹங்க் என்கிற சின்ன ஊரிலிருந்து. முதல் முறை என் வீட்டுக்காரர் பின்னால், நான் முன்னால். அவர் கார் ஓட்டுகிற நினைப்பில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமே துடுப்புப் போட்டார். கனோ எதிர்ப்பக்கம்தான் திரும்பும். நேராக நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டோம். கரையைப் பிடித்துத் தள்ளலாம் என்று கை நீட்டினேன், முழங்கை வரை காஞ்சொறி. ஆம், நம் ஊர்க் காஞ்சொறி போலவே அரிக்கும் செடிதான், கரை நெடுக ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்தக் கலவரத்தில் ஒரு செருப்பும் தண்ணீரோடு போனது. வழிகாட்டி திரும்பி வந்து, திட்டாமல், "முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது ஓடுகிறது, சமையலறையில்கூட.

வழி தவறுமா என்று கேட்டீர்கள். தனியாகப் போனால் நிச்சயம் தவறும். ஓடை ஓடையாகப் பிரியும், எல்லா வளைவிலும் அதே வில்லோ மரம், அதே நாணல். எனக்கு அடையாளம் தெற்கே தெரியும் கெர்ட்ரூய்டென்பெர்க் மின்நிலையத்தின் புகைக்கூண்டு ஒன்றுதான், அதுவும் மரம் மறைத்தால் போச்சு. இருட்டில் இங்கே வழி கண்டவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 இலையுதிர்காலத்தில் தெற்கே பிரபாண்ட் மாகாணம் விடுதலையாகிவிட்டது, வடக்கே இன்னும் ஜெர்மானியர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இந்த ஊர்க்காரச் சின்னக் கூட்டம் ஒன்று, லைன்கிராஸர்கள் என்று பெயர், இதே ஓடைகளில் இரவில் படகிலும் கனோவிலும் போய்வந்தது. வடக்கிலிருந்து தெற்கே செய்தியும் ஆட்களும், தெற்கிலிருந்து வடக்கே மருந்து. ஆர்னெம் சண்டையில் காயப்பட்டு ஒளிந்திருந்த பிரிட்டிஷ் தளபதி ஜான் ஹாக்கெட் 1945 பிப்ரவரியில் இந்த வழியாகத்தான் தப்பினார். இப்படிப் போய்வந்தவர்களில் இரண்டு பேர் பிடிபட்டார்கள், போர் முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது சுடப்பட்டார்கள். எங்கள் வழிகாட்டி இதை ஒரு முக்கில், துடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டு, கிசுகிசுப்பாகச் சொன்னார். விளக்கில்லாமல் இந்த வளைவுகளைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

இந்த நிலமே ஒரு வெள்ளத்தில் பிறந்தது. 1421 நவம்பரில், புனித எலிசபெத் நாளை ஒட்டி, கரை உடைந்து விளைநிலம் முழுகியது. பிறகு மெல்ல மெல்ல வண்டல் படிந்து நாணலும் வில்லோவும் வந்தன. அந்த வெள்ளத்தில் மிதந்து வந்த தொட்டிலில் குழந்தையோடு ஒரு பூனை இருந்ததாம். தொட்டில் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தாவித் தாவி அதைக் கவிழாமல் காப்பாற்றியதாம். கதைதான். ஆனால் நீங்கள் அந்தப் பூனை ஆகாதீர்கள். கனோ ஆடினால் எதிர்ப்பக்கம் சாயத்தான் உடம்பு சொல்லும். சாயாமல் அடியில் குந்தி உட்காருங்கள், அது தானே நின்றுவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் கால் நட்ட நடுவில், உடம்பு தாழ்வாக. விழுகிறவர்கள் எல்லாம் கரையில்தான் விழுகிறார்கள்.

இனி பீவர். தயவுசெய்து நீர்நாய் என்று எழுதாதீர்கள், இங்கே முன்பு ஒருவர் எழுதி அரை நாள் சண்டை ஓடியது. நீர்நாய் மீன் தின்னும். பீவர் சைவம், வில்லோப் பட்டையும் இலையும். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த மரக் குடும்பம். டச்சு நாட்டின் கடைசி பீவரை 1826இல் ஐசல் ஆற்றங்கரையில் கொன்றுவிட்டார்கள். தோலுக்காக, வாசனைச் சுரப்பிக்காக, அப்புறம் வயிற்றுக்காகவும். தண்ணீரில் இருப்பதால் அதுவும் மீன்தான் என்று நோன்பு நாளிலும் சாப்பிடக் கணக்கு வைத்திருந்தார்கள்! 1988இல் ஜெர்மனியின் எல்பெ ஆற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இப்போது பெருகிக் கிடக்கிறது. அணை கட்டுமா என்று உங்கள் மகள் கேட்பாள். இங்கே பெரும்பாலும் கட்டாது, தண்ணீர் ஏற்கெனவே ஆழம். கரையில் கிளைகளைக் குவித்து மேடு போடும், வாசல் தண்ணீருக்குள். டச்சில் அதற்கு பர்க்ட் என்று பெயர், கோட்டை என்று பொருள்.

நான் பார்த்தது இரண்டாம் முறைதான். பத்து மணி தாண்டி, சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. வழிகாட்டி கையை உயர்த்தினார், எல்லாரும் துடுப்பை மடியில் வைத்தோம். தண்ணீரில் ஒரு கோடு வந்தது. கோட்டின் முனையில் ஒரு தலை, அவ்வளவுதான். எங்களைப் பார்த்ததா, மோப்பம் பிடித்ததா தெரியாது. வாலால் தண்ணீரை அறைந்தது பாருங்கள், சிமெண்டுத் தரையில் ஈர வேட்டியை ஓங்கி அடித்த சத்தம். வட்டம் மட்டும் மிச்சம்.

மூன்றாம் முறை ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எனக்கு அந்த மூன்றாம் முறைதான் அதிகம் நினைவிருக்கிறது. துடுப்பை நிறுத்தி ஏழெட்டு நிமிடம் சும்மா இருந்தோம். நெடுஞ்சாலை இரைச்சல் தூரத்தில் இருந்தது, பிறகு அதுவும் காதில் விழாமல் போனது. கனோவின் அடியில் நாணல் உரசுவது கேட்டது. இந்த நாட்டில் இத்தனை இருட்டு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

இருமுறை_ஏமாந்தவன் எழுதியது:

அக்கா கவிதையாக எழுதிவிட்டார், நான் கணக்கு சொல்கிறேன். இரண்டு முறை, இரண்டும் ஆகஸ்ட், பீவர் பூஜ்யம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். எங்களோடு ஒரு பிறந்தநாள் கோஷ்டியைச் சேர்த்துவிட்டார்கள், இரண்டாவது வளைவிலேயே பாட்டு. இரண்டாம் முறை "அதோ, அதோ" என்று எல்லாரும் படம் எடுத்தோம். கரைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கஸ்தூரி எலி. காசு தண்டம்.

பிரெடாக்காரி எழுதியது:

தம்பி, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?

இருமுறை_ஏமாந்தவன் எழுதியது:

ஆறுக்கு. எட்டுக்குள் கரைக்கு வந்துவிட்டோம்.

பிரெடாக்காரி எழுதியது:

அதுதான் விஷயம். ஆகஸ்டில் சூரியன் இறங்கவே ஒன்பது ஆகும். பீவர் கண் விழிக்கும் முன்பே நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "மாலை" என்ற சொல்லை நம்பாமல் அன்றைய சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்குப் பிறகும் தண்ணீரில் இருக்கும் பயணமாகத் தேட வேண்டும். ஜூனில் இரவு குறுகியது, குட்டிகளுக்கும் தீனி வேண்டும், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வரும். கஸ்தூரி எலி நீந்தினால் முதுகு முழுக்க மேலே தெரியும், கயிறு மாதிரி வால் பின்னால் ஆடும். பீவருக்குத் தலைதான் தெரியும், மீதி முழுகியிருக்கும். கோஷ்டிப் பாட்டுக்கு என்னிடம் மருந்தில்லை.

டோர்ட்ரெக்ட்_தும்பி எழுதியது:

எங்கள் பக்கமிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீஸ்போஸில் கடல் ஏற்றவற்றம் உண்டு. 1970இல் ஹாரிங்ஃப்லீட் என்கிற கடல்வாயை அணை போட்டு அடைக்கும் வரை ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கியது. இப்போது ஹங்க் பக்கம் சில பத்து செண்டிமீட்டர்தான், டோர்ட்ரெக்ட், ஸ்லீட்ரெக்ட் பக்கம் அதைவிட அதிகம். வற்றும் நேரம் தெரியாமல் குறுக்கு ஓடையில் புகுந்தால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். தெற்குக் கரை ஊரான ட்ரிம்மலனில் இறங்கி "எதிர்க்கரைதானே" என்று அமர் ஆற்றைக் கனோவில் கடக்காதீர்கள், சரக்குக் கப்பல் போகிற வழி.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குத் தலைமுடிக்குள்ளும். இங்கே உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், விளையாட்டில்லை.

மீன்கொத்தியையும் பாருங்கள். ஊர்க் குளத்தில் பார்த்த அதே சிறிய நீல மீன்கொத்தி, இனம்கூட மாறவில்லை.

மாஸ்கரைவாசி எழுதியது:

போய்வந்தோம்! ரெடிங்ஸ்ஃபெஸ்ட் முன்பே கேட்டதால் என் பெயர் எழுதி எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று பேர் கனோ, என்னை நடுவில் அடியில் உட்கார வைத்தார்கள், துடுப்பே இல்லை. முதல் அரை மணி நேரம் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. அப்புறம் மகள் முன்னாலிருந்து திரும்பி, "அம்மா, கையை எடு, உன் விரலில் என் துடுப்பு இடிக்கிறது" என்றாள். எடுத்தேன். திரும்பி வரும் வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

இங்கே இருக்கும் பெரிய நீர்த்தேக்கங்களிலிருந்துதான் ராட்டர்டாம் குழாய்க்குத் தண்ணீர் போகிறதாம், வழிகாட்டி சொன்னார். தினமும் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தா இத்தனை பயம் என்று கணவர் கேட்டார். பதில் சொல்லவில்லை.

பீவர் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, பத்தே கால் மணிக்கு, வளைவுக்கு அந்தப் பக்கம். ஈர வேட்டி என்று அக்கா எழுதியது சரிதான். மகள் நம்பவில்லை, யாரோ துடுப்பால் அடித்தார்கள் என்கிறாள்.

ஒரு சந்தேகம் மட்டும். இறங்கும்போது கரையைப் பிடித்துவிட்டேன். இந்தக் காஞ்சொறி அரிப்பு எத்தனை நாள் இருக்கும்?

பிரெடாக்காரி எழுதியது:

அதற்குத்தானே முதலிலேயே எழுதினேன்! சொறியாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். எனக்கு மறுநாள் போய்விட்டது. செருப்புதான் இன்னும் வரவில்லை.