சிவப்பு பிளாஸ்டிக் பாடியில் முத்து வெள்ளை: அடியிலிருந்து சிவப்பு ஊறுகிறது, டெக்கால் சுருங்குகிறது

வெண்முத்து24:

1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் ஸ்போர்ட்ஸ் கார் கிட். பாடி அடர் சிவப்பு பிளாஸ்டிக். செய்த வரிசை: சாம்பல் ப்ரைமர் 2 கோட், வெள்ளை லாக்கர் 3 கோட், முத்து வெள்ளை 2 கோட், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படப் படலம்), லாக்கர் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) கேன் 2 கோட். எல்லாமே ஸ்ப்ரே கேன்.

இப்போதுள்ள நிலை: வெள்ளை அடித்த மறுநாளே கூரையும் பானட்டும் லேசாக இளஞ்சிவப்பு ஆகிவிட்டன. ஓரங்களில் இன்னும் அடர்த்தி. கதவில் ஒட்டிய பெரிய எண் டெக்கால் கிளியர் பட்டதும் சுருங்கிவிட்டது. பக்கவாட்டு முழுக்க ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம்).

மேலேயே இன்னும் வெள்ளை அடித்து மூடலாமா, மொத்தமாக உரிக்க வேண்டுமா? இன்னொன்று, வண்டியை 3 மி.மீ. இறக்க வேண்டும். பாடி அடிப்பதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டுமா?

ஸ்ப்ரூவெட்டி:

உரித்துவிடுங்கள். இப்போதே 9 கோட் ஏறியிருக்கிறது. இன்னும் வெள்ளை அடித்தால் கதவுக் கோடும் பானட் கோடும் தூர்ந்துபோகும். அதுவுமில்லாமல் அந்த வெள்ளையிலும் சிவப்பு ஏறும்.

காரணம் இதுதான். பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சிவப்புச் சாயம் லாக்கர் தின்னரில் கரையும். ப்ரைமரும் லாக்கர், வெள்ளையும் லாக்கர். ஒவ்வொரு கோட்டும் ஈரமாக இருக்கும் நேரத்தில் தின்னர் கீழே இறங்கிச் சாயத்தைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. சாம்பல் ப்ரைமர் இதைத் தடுக்காது, நுண்துளை உள்ள படலம் அது. தடுப்பது வெள்ளி நிறம். அதிலுள்ள அலுமினியச் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும், சாயம் ஏற வழி இருக்காது. தமியா நிறுவனத்தின் டிஎஸ்-17 அல்லது டிஎஸ்-30 வெள்ளி ஸ்ப்ரே போதும்.

உரிப்பதற்கு 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாடி முழுக்க மூழ்கும்படி 12 மணி நேரம், பிறகு பழைய டூத் பிரஷ். வராத இடத்துக்கு மட்டும் இன்னும் சில மணி நேரம். நாள்கணக்கில் ஊறவிட வேண்டாம். கண்ணாடியைத் தாங்கும் ஏ பில்லர் போன்ற மெல்லிய பகுதி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், தேய்க்கும்போது உடையும். மூலையில் ப்ரைமர் கொஞ்சம் மிஞ்சினால் விட்டுவிடலாம், 1000 வாட்டர் பேப்பரில் போய்விடும். ஆவி எளிதில் தீப்பற்றும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: குரோம் பாகங்களை உரிக்கச் சிலர் ப்ளீச் பயன்படுத்துவார்கள். அந்த டப்பாவும் இந்த டப்பாவும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ப்ளீச்சும் ஆல்கஹாலும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உட்பட நச்சுப் பொருள்கள் உருவாகும்.

மெல்லியகோடு:

வெள்ளி விஷயத்தில் முழு உடன்பாடு. அடுத்து வரும் கோட்டுகளை எப்படி அடிக்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். வெள்ளியின் மேல் முதல் வெள்ளையை ஓடவிட்டு அடித்தால் செதில்களே இடம் பெயரும், அப்புறம் தடுப்பு இல்லை.

பாடி உரிந்ததும் முதல் வேலை பேனல் கோடுகளை ஆழப்படுத்துவது. ஸ்கிரைபர் இல்லையென்றால் பிளேடின் முதுகுப்பக்கம், அழுத்தமில்லாமல் 4, 5 இழுப்பு. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அதற்கு மேல் கையுறையில்லாமல் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி வட்டம் வட்டமாகக் குழி விழும்.

கேனை 40 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் நிற்க வையுங்கள், அதற்கு மேல் சூடு கூடாது. உள்ளே அழுத்தம் கூடும், துளி சிறிதாகும். உங்கள் ஆரஞ்சு பீலுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம். கேன் குளிர்ந்திருந்து துளி பெரிதாக வந்திருக்கும், அல்லது தூரம் அதிகமாகி துளி பாதி காய்ந்த நிலையில் விழுந்திருக்கும். 15 முதல் 20 செ.மீ. சரியான தூரம். பட்டனை பாடிக்கு வெளியே அழுத்தி, கடந்துபோய், வெளியே விட வேண்டும்.

வெள்ளி: தூவலாக 2 கோட், பிறகு ஒரு நாள் காயட்டும். வெள்ளை ப்ரைமர்: தூவலாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று. டிஎஸ்-26 வெள்ளை: முதலில் ஓரங்களுக்கும் கதவு இடுக்குகளுக்கும் மட்டும் ஒரு தூவல், அப்புறம் முழு பாடிக்கு 3 மெல்லிய கோட், இடையில் 20 நிமிடம். கூரான விளிம்பிலிருந்து ஈரப் பெயிண்ட் தானாகவே பின்வாங்கும். உங்களுக்கு ஓரத்தில் சிவப்பு அதிகம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளை முடிந்ததும் 48 மணி நேரம் சும்மா வைத்துப் பாருங்கள். ஊறல் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனையை முதலில் அதே சிவப்பு ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டகம்) துண்டில் செய்தால் பாடி தப்பிக்கும்.

டிஎஸ்-45 முத்து வெள்ளையை ஒரே திசையில், ஒரே வேகத்தில் அடிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் முத்துத் துகள் மிதந்து திட்டுத் திட்டாகச் சேரும். தனியாக இருக்கும் பம்பர், கண்ணாடிக் கூடு, ஸ்பாய்லர் எல்லாவற்றையும் வண்டியில் எந்த நிலையில் நிற்குமோ அதே நிலையில் நிறுத்தி, பாடியோடு சேர்த்தே அடியுங்கள். இல்லையென்றால் ஒரே கேனில் அடித்தும் பம்பர் வேறு நிறமாகத் தெரியும். முத்துக் கோட்டின் மேல் வாட்டர் பேப்பர் படவே கூடாது, துகள் வெட்டுப்பட்டு அந்த இடம் மங்கும். தூசி விழுந்தால் அப்படியே விட்டு, கிளியருக்குள் புதைத்து, கிளியரை மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.

டெக்கால் சுருங்கியது, அடியில் ஈரம் இருக்கும்போதே கிளியரின் தின்னர் படலத்தை இளக்கியதால். ஒட்டிய பிறகு 48 மணி நேரம் காயட்டும். மைக்ரோ சால் மாதிரி மென்மையாக்கி பயன்படுத்தியிருந்தால் அதன் கறையையும் மிச்சப் பசையையும் ஈர பட்ஸால் துடைத்தெடுங்கள். பசை தங்கினால் கிளியருக்கு அடியில் மஞ்சளாகத் தெரியும். பின் கிளியர்: உலர்ந்த தூவலாக 3 கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே 20 முதல் 30 நிமிடம். அதன் பிறகுதான் ஈரமாக 2 கோட். டெக்காலைத் தொடும் முதல் கோட் பளபளக்கவே கூடாது, மணல் தூவியது போல் இருந்தால் சரி.

மழை நாளில் கிளியர் வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து பால் போல வெளுக்கும்.

வெண்முத்து24:

தெளிவாகிவிட்டது, இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கிளியருக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துத் தேய்க்கலாம்? கேன் கிளியரை விட்டுவிட்டு இரண்டு பாக யூரிதேன் கிளியருக்குப் போனால் டெக்கால் பிரச்சினை தீருமா?

மெல்லியகோடு:

மூக்குதான் அளவுகோல். பாடியை மூக்கருகே வைத்து முகர்ந்தால் தின்னர் வாசம் கொஞ்சமும் வரக்கூடாது. லாக்கர் கிளியருக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். அவசரப்பட்டுத் தேய்த்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். மிச்சத் தின்னர் வெளியேற வெளியேறப் படலம் உள்வாங்கி, டெக்கால் விளிம்பு மறுபடி தெரிய ஆரம்பிக்கும்.

சோப்புத் தண்ணீரில் 3000, பிறகு 4000, 6000, 8000 என்று மென்பஞ்சு முதுகுள்ள தாள்கள். அதன் பின் தமியா காம்பவுண்டில் கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ், ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. விளிம்பு, கதவுக் கோட்டின் இருபுறம், பானட் முறிப்பு ஆகியவற்றில் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். கிளியர் அங்கேதான் மிக மெலிசு, தேய்ந்து போவதும் அங்கேதான். மெழுகு எல்லாம் முடிந்த பிறகே. அதில் சிலிக்கோன் இருந்தால் அதன்மேல் பிறகு எந்தப் பெயிண்டும் நிற்காது.

யூரிதேன் டெக்காலை அவ்வளவாகத் தாக்காது, ஒன்றிரண்டு கோட்டிலேயே ஆழமான பளபளப்பு கிடைக்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு வாசம் மிகக் குறைவு என்பதால், முகமூடியின் ஃபில்டர் தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளிக்காற்றுக் குழாயுள்ள முகக்கவசமும் வெளியே தள்ளும் விசிறியும் இல்லாத அறையில் அதை அடிக்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. மேலே சொன்ன தூவல் முறையில் லாக்கரே போதும்.

தாழ்வண்டி:

உயரம் குறைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. ஆமாம், பாடி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் கணக்குப் பாருங்கள்: 1/24-ல் 3 மி.மீ. என்றால் நிஜ வண்டியில் 72 மி.மீ. உள் மட்கார்டில் டயர் இடிக்காமல் அவ்வளவு இறங்குவது அரிது. 1.5 முதல் 2 மி.மீ. இறக்கினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சேஸி, சக்கரம், பாடி மூன்றையும் ஒட்டாமல் புளூ டேக்கில் (கழற்றக்கூடிய ஒட்டுக் களிம்பு) நிறுத்தி, டயர் உச்சிக்கும் சக்கர வளைவுக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். முன்னும் பின்னும் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்காது, ஆகவே இரண்டையும் ஒரே அளவு இறக்கினால் வண்டி மூக்கையோ வாலையோ தூக்கி நிற்கும். முன்பக்கம் ஸ்டப் ஆக்ஸிலை (சக்கரம் மாட்டும் குட்டை அச்சு) வெட்டி, அதே துண்டில் 2 மி.மீ. மேலே துளையிட்டு 1 மி.மீ. பித்தளைக் கம்பி. சக்கரம் மேலேறினால் வண்டி கீழே வரும். பின்பக்கமும் அதே முறைதான். ஸ்பிரிங்கை மட்டும் வெட்டிச் சாய்த்தால் சஸ்பென்ஷனின் கீழ்க் கை கோணலாகி சக்கரம் உள்ளே சாயும். சாய்வு வேண்டுமென்றே வைப்பதானால், 26 மி.மீ. விட்டமுள்ள டயரில் 1 பாகைக்கு உச்சி அடியைவிட ஏறக்குறைய 0.45 மி.மீ. உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள் மட்கார்டை கிரைண்டரில் மெலிசாக்கும்போது விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே போங்கள், வெளிச்சம் ஊடுருவினால் நிறுத்துங்கள். ஸ்டியரிங் திரும்பும் கிட் என்றால் முழுத் திருப்பலில் வைத்தும் பார்க்க வேண்டும். சக்கரத்தை வேறு கிட்டிலிருந்து எடுக்கிறீர்களா? 18 அங்குல ரிம் 1/24-ல் 19 மி.மீ., 1/25-ல் 18.3 மி.மீ. அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

ஆறுசக்கரம்:

இழையிலேயே ஒரு துணைக் கேள்வி. 1/24 லாரி, சேஸி ஒட்டி முடித்தாயிற்று. முன் இடது சக்கரம் தரையைத் தொடாமல் 1 மி.மீ. மேலே நிற்கிறது. பிரித்துத்தான் ஆகணுமா?

தாழ்வண்டி:

சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். சட்டமே ஆடினால் முறுக்கு இருக்கிறது. ஆடாவிட்டால் கோளாறு முன் ஆக்ஸிலிலோ பட்டாவிலோ (ஆக்ஸிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்).

முறுக்கு என்றால்: குறுக்குச் சட்டங்களின் மூட்டில் தமியா எக்ஸ்ட்ரா தின் பசையைத் தூரிகையால் ஓடவிட்டு, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாக இளக்குங்கள். உடனே கண்ணாடியில் வைத்து, இரண்டு பக்கமும் கனமான இரும்புக் கட்டை, மேலே எடை, 24 மணி நேரம். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமாக்கிவிட்டே எடை வையுங்கள். எடை முறுக்கைத்தான் தட்டையாக்கும், சாய்சதுரமாக நிற்கும் சட்டத்தைச் சரி செய்யாது. அடுத்த லாரிக்கு, குறுக்குச் சட்டங்களை ஒரே அமர்வில், எல்லாப் பசையும் இளக்கமாக இருக்கும்போதே, கண்ணாடியின் மேல் வைத்து ஒட்டினால் இது வராது.

ஆக்ஸில் என்றால் பிரிக்க வேண்டாம், இடது பட்டாவுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்தால் போதும். 1 மி.மீ. தகடு வைத்துவிடாதீர்கள். பட்டா இரண்டுக்கும் நடுவே 35 மி.மீ., சக்கரம் இரண்டுக்கும் நடுவே 85 மி.மீ. என்றால், பட்டாவில் வைக்கும் 0.4 மி.மீ. சக்கரத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகும். உங்கள் வண்டியில் அந்த இரண்டு தூரத்தையும் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

டயர் மென்மையான வினைல் என்றால், ரிம்மில் மாட்டும் முன் ரிம்மைச் சுற்றி ஒரு சுற்று அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள். வினைலில் உள்ள இளக்கி மெல்ல மெல்லக் கசிந்து ஸ்டைரீன் ரிம்மை உருக்கும். பெயிண்ட் மட்டும் அதைத் தடுக்காது.

ஆறுசக்கரம்:

அளந்து பார்த்தேன், சட்டம் ஆடவில்லை. 36-க்கு 84. அப்படியானால் 0.43 வருகிறது. கையில் 0.25 தகடும் 0.13 தகடும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து வைக்கிறேன்.

தாழ்வண்டி:

0.38 வரும், போதும். ஒட்டாமல் வைத்து, கண்ணாடியின் மேல் நிறுத்தி, டயருக்கு அடியில் ஒரு தாள் துண்டை இழுத்துப் பாருங்கள். ஆறு சக்கரத்திலும் தாள் ஒரே மாதிரி பிடித்தால் அப்புறம் பசை.