எழுபது வளைவு, இரண்டு பிரேக்

லாஸ்பேட்டையிலிருந்து:

கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய் வந்தவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். அவரவர் பட்டதைச் சொன்னால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். நான் தொடங்கிவைக்கிறேன்.

புதுச்சேரிக்காரனுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம், மிஞ்சிப்போனால் கோரிமேடு. அதனால் மூன்று மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை எதிர்க்காற்றில் மிதித்துத்தான் கால்களைப் பழக்கினேன். என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். ஜூலையில் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடக்கும் மூன்று வாரமும் அவருக்குச் சாப்பாடே டிவிக்கு முன்னால்தான். “ஆல்ப் துவேஸ் மலையில் மொத்தமே 21 வளைவுதான்டா. அதற்கே அவனவனுக்கு நாக்குத் தள்ளுகிறது. நீ 70 வளைவு ஏறப்போகிறாயா?” என்றார். அந்த ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8 சதவீதம், 1952-ல் பந்தயம் முதன்முதலாக அங்கே போனபோது ஜெயித்தவர் ஃபாஸ்டோ கோப்பி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக இரவோடு இரவாகப் போய், விடியும்போது காரவள்ளியில் இறங்கினோம். அங்கிருந்து ஏறி, செம்மேட்டைத் தாண்டி, முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கி, நாமகிரிப்பேட்டை, பேளுக்குறிச்சி என்று மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி காரவள்ளிக்கே வந்து சேர்வது திட்டம்.

வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. ஆல்ப் துவேஸில் ஏற ஏற எண் குறையும். இங்கே கூடிக்கொண்டே போகிறது. பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குப் பிறகு பலகையைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம்தான் செங்குத்து. வெளிப்பக்கமாகச் சுற்றினால் தூரம் கூடும், சரிவு குறையும். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே இடது திரும்பும் வளைவு உயிரை வாங்கும், வலது திரும்பும் வளைவு மூச்சுவிட இடம் கொடுக்கும். ஒன்றுவிட்டு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டதும் மனசு கொஞ்சம் அடங்கியது. பஸ் இறங்கி வந்தால் மட்டும் கணக்கெல்லாம் கிடையாது. வளைவு முழுவதும் அதற்குத்தான். ஹாரன் கேட்டதும் ஓரத்தில் காலை ஊன்றி நின்றுவிடுங்கள்.

ஏறிவிட்டேன். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தேன். மிளகுக் காரம் தொண்டையில் இறங்கியது. “முட்டிவலிக்கு நல்லது தம்பி, இன்னொன்று ஊற்றவா?” என்று அந்த அம்மா கேட்டபோது, நான் படி இறங்கிய விதத்தை அவர் பார்த்துவிட்டார் என்று புரிந்தது.

வினை இறக்கத்தில்தான் இருந்தது. கடற்காற்று காலுக்குப் பயிற்சி கொடுக்கும், பிரேக் பிடிக்கும் விரலுக்குக் கொடுக்காது. பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். என்னுடையது ரிம்மைப் பிடிக்கிற பழைய வகைப் பிரேக். திடீரென்று பட்டாசு போல ஒரு சத்தம். முன்சக்கரத்து டியூப் வெடித்துவிட்டது. நல்லவேளை, வேகம் குறைவு. சாலையோரப் புதரில் போய் விழுந்தேன். எழுந்து ரிம்மைத் தொட்டவன் தோசைக்கல்லைத் தொட்டது போலக் கையை உதறினேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். ஊர்ந்து போகிறவனுக்கோ அத்தனையும் ரிம்மில்தான் இறங்குகிறது. நேர்சாலையில் சைக்கிளை ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, உடனே விட்டுவிட வேண்டும். பயந்தவனுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

கடலூர்க்காரர்கள் எங்களுக்காவது கேப்பர் மலை இருக்கிறது. மலை என்பது பெயரில்தான். ஆனாலும் இருபது முறை ஏறி இறங்கினால் தொடை சொல்லும். நான் எட்டாவது முறை இறங்கி வந்தபோது முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வழியை மறித்து, “காலையிலிருந்து தேடுகிறாயே, என்னப்பா தொலைத்தாய்?” என்று கேட்டார். பயிற்சி என்று சொன்னேன். நம்பவில்லை. பத்தாவது சுற்றில் அவரும் குனிந்து சாலையோரத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

கொல்லிமலையில் என்னை வீழ்த்தியது கியர். மிதிக்கும் இடத்தில் சிறிய பல்சக்கரம் 39 பல், பின்சக்கரத்தில் பெரியது 25 பல். சமதளத்தில் ராஜா. முப்பதாவது வளைவுக்கு மேல் தள்ளிக்கொண்டு நடந்தேன். வெட்கம் ஒன்றுமில்லை, காலணிதான் வழுக்கியது. அடுத்த தடவை மிதி லேசாக வர முன்னால் 34, பின்னால் 32 பல் போட்டுக்கொண்டு போனேன். காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

குரங்கைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! சட்டையின் பின்பாக்கெட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தேன். நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த என் பின்னாலேயே ஒன்று நடந்து வந்து, அவசரமே இல்லாமல் ஒன்றை உருவிக்கொண்டது. எனக்கு நின்று திரும்பக்கூடப் பயம், நின்றால் அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. அடுத்த வளைவுக்குள் இரண்டாவது பழமும் போய்விட்டது. பழத்தைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

லாஸ்பேட்டை அண்ணா, டியூப் வெடித்த பிறகு மீதி இறக்கத்தை எப்படி முடித்தீர்கள்?

லாஸ்பேட்டையிலிருந்து:

மாற்று டியூப் இருந்ததம்மா. ரிம் ஆறுவதற்கு இருபது நிமிஷம் காத்திருந்து மாட்டினேன். அதன்பிறகு பாதித் தூரம் ஓடவிட்டேன், மீதியை நடந்தேன். வீட்டில் வெடித்ததைச் சொல்லவில்லை, முழங்கை சிராய்ப்பு சொல்லிக்கொடுத்துவிட்டது. தை மாதம் மறுபடி போகிறேன். பெரியப்பா காரில் கூடவே வருகிறாராம். பலகை எழுபதும் சரியாக இருக்கிறதா என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.