நினைவுப் பயிற்சி செய்தால் மூளையின் செயல்பாடு கூடுமா, குறையுமா?

கயல்:
மூன்று வாரமாக தினமும் ராத்திரி என்-பேக் பயிற்சி செய்கிறேன். திரையில் சதுரம் வந்து போகும், இரண்டு தடவைக்கு முன்னால் வந்த அதே இடத்தில் வந்தால் தட்ட வேண்டும். முதலில் இரண்டிலேயே திணறினேன், இப்போது நான்கு வரை போகிறேன். இதனால் மூளையின் செயல்பாடு கூடுகிறது என்று ஒரு கட்டுரை சொல்கிறது, குறைகிறது என்று இன்னொன்று. எதை நம்புவது?

நிலவன்:
இரண்டுமே நடக்கிறது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிளிங்பெர்க் குழு பெரியவர்களுக்கு ஐந்து வாரம் பயிற்சி கொடுத்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து 2004இல் வெளியிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியிலும் உச்சந்தலையின் பின்பக்கமும் செயல்பாடு கூடியிருந்தது. 2009இல் அதே குழு, 14 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் டி1 ஏற்பிகளிலும் மாற்றம் வருவதைக் காட்டியது. குறைவது எப்படி என்றால், இன்றைக்கு மறுபடி இரண்டு வைத்து ஆடிப் பாருங்கள், ஆரம்பத்தில் உதடு முணுமுணுத்துக்கொண்டு ஆடியிருப்பீர்கள் இல்லையா, இப்போது அந்தப் பாடு இருக்காது. பழகிய வேலைக்கு மூளை குறைவாக உழைத்தாலே போதும், ஸ்கேனில் அது குறைவாகத்தான் தெரியும்.

கயல்:
சரி, ஆடிப் பார்த்தேன், உதடு அசையவே இல்லை! நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், ஒரே நேரத்தில் நான்கு பேர் சீட்டு நீட்டும்போது யாருக்கு எது என்று குழம்பிவிடுகிறது. அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. பலன் இருக்குமா?

மணிமாறன்:
எஃப்எம்ஆர்ஐ படம் மாறினால் எல்லா நினைவும் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன் குழு ஒரு மாணவருக்கு, இலக்கங்களைக் கேட்டு அதே வரிசையில் திரும்பச் சொல்லும் பயிற்சியை 230 மணி நேரத்துக்கு மேல் கொடுத்து 1980இல் எழுதினார்கள். ஏழு இலக்கம் வரை சொன்னவர் 79 வரை போனார். அவர் ஓட்டக்காரர், அதனால் 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓடும் நேரம் என்று கோத்துக்கொள்வார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார்.

நிலவன்:
ஆமாம், 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மெல்பி-லெர்வோக், ஹியூம் இருவரும், பயிற்சியைப் போன்ற வேலைகளில் முன்னேற்றம் வருகிறது, வாசிப்புக்கோ கணக்குக்கோ அது போய்ச் சேரவில்லை என்றுதான் சொன்னார்கள். கயல், கடை வேலையையே பழகுங்கள். சீட்டு வாங்கியதும் ஆளின் முகத்தையும் மருந்தையும் சேர்த்து ஒரு தடவை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், அப்புறம் எடுத்துக் கொடுக்கும் முன் சீட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.