பழைய புல்லட் சூடேறியதும் நின்றுவிடுகிறது: விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் நின்றிருந்த 1988ஆம் ஆண்டு புல்லட் 350 வண்டியை, கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியை, ஓய்வு நேரத்தில் நானே பிரித்து வேலை பார்க்கும் ஆசையில் வாங்கியிருக்கிறேன். காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, தாராபுரம் சாலையில் வெயிலில் ஓடிச் சூடேறியதும் திணறி நின்றுவிடுகிறது. எஞ்சின் ஆறும் வரை எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை.

அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினோடு ஒட்டிவைத்து உதைத்துப் பார்த்தால், காலையில் நீலமாகப் பாய்ந்த பொறி மெலிந்து மஞ்சளாகத் தெரிகிறது. பாயின்ட் (பொறி எழுப்ப மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு வைத்து 0.38 மி.மீ. அளவில் சரிசெய்திருக்கிறேன். பாயின்ட் முனைகள் சீக்கிரமே கருகிக் குழி விழுவதால், அம்முனைகள் கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கியான கண்டென்சர் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆயினும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலும் (கம்பிச்சுருள்) சூட்டில் இதே தொல்லையைத் தரும் என்பதால், மாற்றுவதற்கு முன் இரண்டில் எது பழுது என்று உறுதிசெய்யும் வழியை அனுபவமுள்ள அண்ணன்மார் யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பாயின்ட் இல்லாமல் பொறி எழுப்பும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்; பாயின்ட் அமைப்பு இந்த வண்டியின் உயிர் என்று கருதுவதால் அதில் எனக்கு உடன்பாடில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் தரமான கண்டென்சர் எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.