புதுப்பிப்பு: செம்பருத்தியில் மாவுப்பூச்சி, எறும்பை நிறுத்தியதும் அடங்கியது

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசல் செம்பருத்தியில் மாவுப்பூச்சி, சோப்புத் தண்ணீர் அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செடி மறுபடி மொட்டு விட்டிருக்கிறது.

கைகொடுத்தது "முதலில் எறும்பைக் கவனியுங்கள்" என்ற யோசனைதான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கிறது, அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. அடித்தண்டில் அகலமான டேப் சுற்றி, அதன் மேல் வாஸ்லின் தடவினேன் (பட்டையில் நேராகத் தடவ வேண்டாம்). முதலில் பலிக்கவில்லை. பார்த்தால், ஒரு கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எறும்பு அந்த வழியாக ஏறியிருக்கிறது. அதை வெட்டிய பிறகே வரிசை நின்றது.

சோப்பையும் விடவில்லை. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற பைக்குள் இருக்கும் முட்டை சோப்புக்குச் சாவதில்லை, அதனால் வாரம் ஒருமுறை என்று நான்கு வாரம்.

எதிர்பாராதது ஒன்று. மூன்றாம் வாரம், 'பெரிய மாவுப்பூச்சி' என்று ஏழெட்டை நசுக்கிவிட்டேன். அவை விறுவிறுவென்று ஓடியது உறுத்தியது. பக்கத்திலேயே ஆரஞ்சுத் தலையோடு ஒரு கறுப்பு வண்டு: கிரிப்டோலீமஸ், மாவுப்பூச்சியையே தின்னும் பொறிவண்டு. நான் கொன்றதெல்லாம் அதன் புழுக்கள்! அப்புறம் அந்தக் கிளைகளில் சோப்பு அடிக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அவ்வளவு வேகமாக ஓடாது.