கப்பலில் ராச்சாப்பாடு: முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்கள். இரவுச் சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் வேண்டுமா, இல்லை நினைத்த நேரத்துக்கு வந்து கிடைத்த மேசையில் உட்காருகிறீர்களா? ஒரே நேரம் என்றால் அதிலும் இரண்டு உண்டு: மாலை ஐந்தரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. நம் கல்யாண வீட்டு முதல் பந்தி, இரண்டாம் பந்தி மாதிரிதான். கேபினுக்கு பால்கனி வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தவன் நான். இந்தக் கேள்வியை அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். இரண்டு தரம் போய்வந்து, இரண்டு விதமாகவும் சாப்பிட்ட பிறகு சொல்கிறேன், பால்கனியைவிட இதைத்தான் அதிகம் யோசித்திருக்க வேண்டும்.

முதல் தரம் நானும் மனைவியும் மட்டும். நினைத்த நேரம் என்று எடுத்தோம். ஏழரை மணிக்குப் போனால் வாசலில் வரிசை. எல்லாருக்கும் பசிப்பது அந்த நேரத்தில்தானே. இருபது நிமிடம் நின்று உள்ளே போனோம். மறுநாள் வேறு மேசை, வேறு வெயிட்டர். எனக்கு எதுவும் ஆகும், மனைவி சைவம். முட்டை கூடாது, மீன் சாறு கூடாது என்று ஒவ்வொரு ராத்திரியும் அ ஆ விலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காளான் சூப் என்று நம்பி இரண்டு கரண்டி குடித்துவிட்டாள். அடியில் கோழி எலும்புச் சாறு. வெயிட்டர் மனம் நொந்து மன்னிப்புக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஆனால் புக்கெட் நாளில் அதே ஏற்பாடுதான் கைகொடுத்தது. அங்கே எங்கள் கப்பல் கரைக்கு வரவில்லை. படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, டெண்டர் எனப்படும் சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கி ஏற்றினார்கள். திரும்பும் வரிசை அன்றைக்கு நீளம். அறைக்கு வந்து குளித்து எட்டே முக்காலுக்குப் போனோம், உடனே இடம் கிடைத்தது. முதல் பந்தியில் பேர் கொடுத்திருந்தால் அன்றைக்குப் பஃபேதான்.

இரண்டாம் தரம் அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு. தங்கை, மாப்பிள்ளை, அவர்களின் இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என ஏழு பேர். பெரியவர் இருக்கிறார் என்று சொன்னதும் ஏஜென்ட் தாமாகவே ஐந்தரைப் பந்தியைப் போட்டுவிட்டார். வயதானவர்கள் நேரத்தோடு சாப்பிட்டுப் படுப்பார்கள் என்ற நல்ல எண்ணம்தான். நானும் சரி என்றேன். கடிகாரத்தை யாரும் யோசிக்கவில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஐந்தரை என்றால் நம் ஊரில் மூன்று மணி. அம்மா மத்தியானச் சோறு உண்டு திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரம். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி விமானம் பிடித்து, காலையில் இறங்கி, மத்தியானம் கப்பலேறி, பஃபேயில் சாப்பிட்ட கையோடு மறுபடி சாப்பிட உட்கார வைத்தால்?

"ஏஞ் சாமி, மூணு மணிக்கு யாராச்சும் ராச்சோறு திம்பாங்களா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பத்தரை மணிக்கு, அதாவது நம் எட்டு மணிக்கு, "பசிக்குது கண்ணு" என்றார். அந்நேரம் அம்மாவுக்கு ஆகிற மாதிரி எதுவும் திறந்திருக்கவில்லை. பையிலிருந்த முறுக்கும் வெந்நீரும்தான். எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கடலுக்கு வந்த மனுஷியை முதல் ராத்திரியே முறுக்கு தின்ன வைத்துவிட்டேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை டைனிங் ரூம் வாசலில் இருந்த மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். எட்டு மணிப் பந்தி நிறைந்துவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் பேர் எழுதிக்கொள்கிறேன் என்றார். அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலம் அறைக் கதவில் சீட்டு இருந்தது: எட்டு மணி, பத்துப் பேர் மேசை, ஆனால் இன்னொரு ஜோடியோடு சேர்ந்து உட்கார வேண்டும்.

அந்த ஜோடி மலேசியாவின் ஈப்போக்காரர்கள், தமிழர்கள். அந்த அம்மாவும் எழுபதைத் தொட்டவர். அவருடைய பாட்டி உடுமலைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவராம். ஊர்ப் பேர் நினைவில்லை, ஆனால் பாட்டி சொல்லும் சில வார்த்தைகள் மட்டும் வீட்டில் தங்கிவிட்டன. எங்கள் அம்மா "வெசனப்படாதீங்க" (கவலைப்படாதீங்க) என்று ஏதோ சொல்லப்போக, அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்டு நாற்பது வருஷம் ஆயிற்று என்றார். அடுத்த இரண்டு ராத்திரியும் அம்மா ஏழரைக்கே சேலை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மேசைக்கு வந்த இந்தோனேசியப் பையனும் இரண்டாம் நாளே, கேட்காமல், வெந்நீர் டம்ளரை அம்மா முன்னால் வைத்தான். நாளைக்கு என்ன வேண்டும் என்று ஹெட் வெயிட்டர் முந்தின நாளே கேட்டுப் போவார். பருப்பு, சப்பாத்தி, தயிர்சாதம் மூன்றும் சொன்னபடி வந்தன.

ஒரு சின்ன எச்சரிக்கை. எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. புக்கெட்டில் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறி ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. ஏழு மணிதானே என்று உட்கார்ந்திருந்தோம், கப்பலில் எட்டு. கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் போகிறவர்களுக்கு என் யோசனை, ஒரே மேசைதான். ஆனால் எந்தப் பந்தி என்பதை நம் ஊர்க் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

நகரியிலிருந்து:

எங்களுக்கு நினைத்த நேரம்தான் கெடுதலாக முடிந்தது. நைனாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி பதிமூன்று பேர் போனோம். பதிமூன்று பேருக்கு ஒரே இடத்தில் மேசை எந்த ராத்திரியும் அமையவில்லை. நைனா ஒரு மூலை, சித்தப்பா வீட்டார் இன்னொரு மூலை. ஆறு அறைகளும் தனித்தனி புக்கிங். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி முன்பே கேட்டிருந்தால் பக்கத்துப் பக்கத்து மேசையாவது கொடுத்திருப்பார்களாம். அது எங்களுக்குக் கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் பணம் கட்டும்போதே கேளுங்கள். நைனா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

புதுநகரத்திலிருந்து:

ராவுத்தர் வீடு நாங்கள், அத்தாவும் அம்மாவும் துபாய்க்கு வந்திருந்தபோது குளிர்காலத்தில் அங்கிருந்து கப்பல் ஏறினோம். எங்களுக்குப் பந்தியைத் தீர்மானித்தது மக்ரிப், அதாவது சூரியன் இறங்கியதும் தொழும் தொழுகை. டிசம்பரில் துபாயில் ஐந்தரை வாக்கில் சூரியன் இறங்கிவிடும். தொழுது முடித்து ஆறு, ஆறே காலுக்கு முதல் பந்திக்குப் போனால் கச்சிதம். இஷா எனும் இரவுத் தொழுகைக்கும் நிதானமாகத் திரும்பலாம். அதே பழக்கத்தில் அடுத்த வருஷம் சிங்கப்பூரில் முதல் பந்தி எடுத்தேன். அங்கே வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் அஸ்தமனம். சாப்பாடு நீண்டால் மக்ரிப் நெருக்கும். இரண்டாம் பந்தி என்றால் இஷா நேரத்தில் மேசையில் இருப்போம், ஆனால் இஷாவைப் பிறகு தொழலாம், மக்ரிபை அப்படித் தள்ள முடியாது. அதனால் சிங்கப்பூருக்கு எட்டு மணிதான் சரி என்பது என் கணக்கு.

ஹலால் விஷயத்தில் கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னதையே நானும் சொல்வேன். ஒரே வெயிட்டர் இருந்தால் ஒருமுறை சொன்னால் போதும்.

பாறசாலையிலிருந்து:

நான் அந்தப் பக்கம் நின்றவன். ஏழு வருஷம் கப்பலில், முதலில் அசிஸ்டன்ட் வெயிட்டர், பிறகு வெயிட்டர். வெளிநாட்டுக் கப்பல்கள். இங்கே எழுதியதைப் படித்ததும் அந்த மேசைகளெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன.

ஒரு வெயிட்டரும் ஒரு அசிஸ்டன்ட்டும் சேர்ந்து ஒரு பந்திக்கு இருபது, இருபத்தைந்து பேரைப் பார்ப்போம். முதல் பந்தி ஏழரைக்குள் எழுந்தால்தான் விரிப்பு மாற்றி, கண்ணாடி கழுவி அடுக்கி எட்டுக்கு அடுத்தவர்களை உட்கார வைக்க முடியும். அதனால் முதல் பந்தியில் எங்கள் கை கொஞ்சம் வேகமாக இருக்கும். நிதானமாகப் பேசிச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இரண்டாம் பந்திதான் நல்லது, பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்பதரைக்கு மேசையிலேயே தூங்கிவிடும். எத்தனை பிள்ளைகளைத் தகப்பன்மார் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே மேசைக்காரர்களை மூன்றாம் நாளில் எங்களுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு ஐஸ் இல்லாத தண்ணீர், யாருக்கு ரொட்டி கருகக் கூடாது, யார் இடக்கையால் சாப்பிடுகிறார், எல்லாம். கடைசி ராத்திரி சிலர் அழுவார்கள். எங்களுக்கும் தொண்டை அடைக்கும். மறுநாளே புது ஆட்கள் ஏறுவார்கள், அது வேறு.

இப்போது பல கம்பெனிகளில் இரண்டும் உண்டு. ராயல் கரீபியனில் 'மை டைம்', கார்னிவலில் 'யுவர் டைம்' என்று பேர். நார்வீஜியன் 2000ஆம் ஆண்டிலேயே பந்தி முறையை விட்டுவிட்டு 'ஃப்ரீஸ்டைல்' என்று ஆரம்பித்துவிட்டது. டிஸ்னி கப்பலில் இன்னொரு விதம்: நேரம் ஒன்றுதான், தினம் ஒரு சாப்பாட்டு அறைக்கு மாறுவீர்கள், கூடவே உங்கள் வெயிட்டர்களும் மாறி வருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

நினைத்த நேரம் எடுத்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆறரையிலிருந்து எட்டு வரை கூட்டம். அதற்கு முன்போ, எட்டேகாலுக்குப் பிறகோ வாருங்கள். கப்பல் கம்பெனியின் ஆப்பில் எல்லா நாளுக்கும் ஒரே நேரத்தை முன்பதிவு செய்துவிட்டு, முதல் நாள் உங்களுக்குப் பிடித்த வெயிட்டரின் பேரைக் குறித்துக்கொண்டு, நாளைக்கும் அவர் மேசைதான் வேண்டும் என்று வாசலில் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். புக்கெட் மாதிரி நாளில் நேரத்தை மட்டும் தள்ளிக்கொள்ளலாம்.

அப்புறம் நாடகம், பாட்டுக் கச்சேரி பார்க்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரிய நிகழ்ச்சிகளை ஒரே ராத்திரியில் இரண்டு தரம் நடத்துவது வழக்கம். முதல் பந்திக்காரர்களுக்குப் பிந்திய காட்சி, இரண்டாம் பந்திக்காரர்களுக்கு முந்திய காட்சி.

செங்கோட்டையிலிருந்து:

பாறசாலை அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அப்பாவுக்குச் சர்க்கரை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார். எட்டு மணிக்குப் போட்டால்தான் பழக்கம். நாங்கள் அவரைக் கூட்டிப் போகலாமா, பயமாக இருக்கிறது. அவருக்குக் கடல் பார்க்க ரொம்ப ஆசை.

பாறசாலையிலிருந்து:

கூட்டிட்டுப் போங்க தம்பி. இப்படி எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். ஒரே நேரம், ஒரே மேசை எடுங்கள். கடிகாரம் மாறும்போது எத்தனை மணிக்கு ஊசி என்பதை மட்டும் புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எந்தப் பந்தி என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அறையில் ஊசி போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். லிஃப்ட்டில் கூட்டம், வாசலில் கூட்டம், அப்புறம் ஆர்டர் எடுத்து முதல் தட்டு வருவதற்குள் அரை மணி நேரம்கூட ஓடிவிடும். மேசையில் உட்கார்ந்து, வெயிட்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ரொட்டிக் கூடை உடனே வரும், அப்பாவின் தட்டை மட்டும் முன்னால் கொண்டுவரச் சொன்னால் சமையலறையில் செய்துகொடுப்பார்கள். நாங்கள் அப்படி நிறையச் செய்திருக்கிறோம்.

மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும், சிலசமயம் ராத்திரி. இன்சுலின் கைப்பையில் இருக்கட்டும். உங்கள் மேசை எண் அறைக் கார்டிலோ ஆப்பிலோ இருக்கும். ஏறின அன்றைக்கு மத்தியானமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு டைனிங் ரூம் வாசலுக்குப் போய், அந்த மேசை எங்கே என்று கேளுங்கள். ஜன்னல் பக்கம் மாற்றித்தர முடியுமா என்றும் கேளுங்கள். கடல் பார்க்கத்தானே வருகிறார்.