வீட்டு ரெக்கார்டிங்குக்கு குறைந்த விலையில் எந்த மென்பொருள் நல்லது?

வணக்கம் நண்பர்களே. அப்பா வீணை வாசிக்கிறார், தங்கை பாடுகிறாள், நான் மிருதங்கம். அப்பாவுக்கு 71 வயது, அவர் விரல் நன்றாக ஓடும்போதே வாசிப்பைத் தனித்தனி டிராக்கில் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக். மேக் இல்லாததால் ஆப்பிளின் ரெக்கார்டிங் மென்பொருளான கராஜ்பேண்டுக்கு வழியில்லை.

இதுவரை ஒரு இலவச மென்பொருளில்தான் பதிந்தேன். வீணையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நான் வாசித்தால் என் சத்தம் நொடியில் ஒரு சிறு பங்கு பிந்தி வந்து காதில் விழுகிறது, காலப்பிரமாணமே கெட்டுவிடுகிறது, மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

இப்போது ரீப்பர் (Reaper) என்ற ரெக்கார்டிங் மென்பொருள் மேல் கண். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர், மாதச் சந்தா கிடையாது. டிராக்‌ஷன் (Tracktion) நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ மென்பொருளில் டிராக் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, அதுவும் இலவசம் என்பதால் எதை எடுப்பது என்று தயக்கமாக இருக்கிறது.

இரண்டையும் கர்நாடக இசைக்குப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுக்கு மெட்ரோனோமை 7/8 என்று வைத்தால் 3+4 அழுத்தம் சரியாகக் கேட்குமா? தாமதம் குறைய, பஃபரை (ஒலியைத் தேக்கி வைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்குக் குறைத்தால் இந்த லேப்டாப் தாங்குமா? தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸோடு வரும் ஏசியோ (ASIO) டிரைவரே போதுமா? தம்புரா சுருதி ஹெட்போனில் மட்டும் கேட்க வேண்டும், பதிவில் விழக்கூடாது, அதற்கு எப்படி ரூட்டிங் (எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்ற அமைப்பு) செய்வீர்கள்?